ஒரே எபிசோடுக்கு இரண்டு மதிப்புரைகள்: 'சாட்டர்டே நைட் லைவ்' முதல் ஒளிபரப்பை மதிப்பிட்டபோது நடந்தது

பின்னணி

நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய இணைய இதழில் மதிப்புரைப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியான 'சாட்டர்டே நைட் லைவ்' தன் 50ஆம் ஆண்டைப் பெரிய சிறப்பு நிகழ்ச்சியோடு கொண்டாடியது. அதையொட்டி, 1975 அக்டோபர் 11 அன்று ஒளிபரப்பான அதன் முதல் எபிசோடுக்குத் தமிழில் ஒரு முழு மதிப்புரை வெளியிடலாம் என்று முடிவு செய்தோம்.

எழுத முன்வந்தவர் மேற்படிப்புக்காக இங்கு வந்து, இப்போது வேலையில் இருக்கும் இளம்பெண். படித்துக் கருத்துச் சொல்ல ஒரு மூத்தவர் இருந்தார். சென்னை சபாக்களில் நகைச்சுவை நாடகங்களில் பல வருடம் நடித்தவர், மேடை நிர்வாகமும் பார்த்தவர். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். இருவரையும் 'விமர்சகர்', 'மூத்தவர்' என்றே இங்கே குறிப்பிடுகிறேன்.

நிகழ்ச்சியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி ஒரு மணி வரை, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பிளாசா கட்டடத்தில் 8எச் என்ற ஸ்டுடியோவிலிருந்து நேரலையாகப் போகும். ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாரம் ஒரு பிரபலம் தொகுப்பாளராக வருவார், ஒரு பாடகரோ இசைக்குழுவோ வரும், ஒரு நிரந்தர நடிகர் குழு ஸ்கெட்ச்கள் என்ற சிறு நகைச்சுவைக் காட்சிகளை நடிக்கும். திங்கட்கிழமை யோசனைகள் பேசி, செவ்வாய் இரவு முழுக்க எழுதி, புதன்கிழமை எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார்கள். தேறியவற்றுக்கு வியாழன், வெள்ளியில் செட்டும் ஒத்திகையும். சனிக்கிழமை மாலை பார்வையாளர்களை வைத்தே ஒரு முழு ஒத்திகை. அதில் எடுபடாதவற்றை வெட்டிவிட்டு, மிச்சத்தோடு இரவு நேரலைக்குப் போவார்கள். மூத்தவர் இதைக் கேட்டதும், "நம்ம கிராண்ட் ரிஹர்சல்தான். என்ன, நமக்கு மறுநாள் சாயங்காலம் நாடகம், இவங்களுக்குக் கொஞ்ச நேரத்துலயே" என்றார்.

முதல் வரைவு

விமர்சகர் அனுப்பிய வரைவு நல்ல தமிழில், தெளிவாக இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக நட்சத்திரம் போட்டு, கடைசியில் கூட்டிச் சராசரி எடுத்திருந்தார்.

தொடக்கக் காட்சிக்கு முழு மதிப்பெண். ஓர் ஆசிரியர் வெளிநாட்டிலிருந்து வந்த மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். 'உங்கள் விரல்நுனிகளை வுல்வரின் என்ற காட்டு விலங்குகளுக்கு உணவாகத் தர விரும்புகிறேன்' என்பதுபோன்ற விபரீத வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க, மாணவர் அப்படியே திருப்பிச் சொல்கிறார். திடீரென்று ஆசிரியருக்கு மாரடைப்பு வந்து சாய்கிறார். அதுவும் பாடம்தான் என்று நினைத்து மாணவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். ஆசிரியராக மைக்கேல் ஓ'டொனாஹியூ, மாணவராக ஜான் பெலூஷி. பிறகு காதில் ஹெட்செட்டோடு மேடை நிர்வாகி வேடத்தில் செவி சேஸ் உள்ளே வந்து, இன்றுவரை ஒவ்வொரு வாரமும் சொல்லப்படும் அந்த 'லைவ் ஃப்ரம் நியூயார்க்' வரியை முதன்முதலாகச் சொல்கிறார்.

நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மனுக்கும் முழு மதிப்பெண். பக்கத்தில் ஒரு கிராமபோன் ஓடுகிறது, அதில் ஒரு கார்ட்டூன் எலியின் பாட்டு. அவர் தயங்கித் தயங்கி நிற்கிறார். 'இதோ காப்பாற்ற வந்துவிட்டேன்' என்ற அந்த ஒரு வரி வரும்போது மட்டும் கையை உயர்த்தி வீரமாக வாயசைத்துவிட்டு, மறுபடி பழையபடி நிற்கிறார்.

அன்றைய தொகுப்பாளர் ஜார்ஜ் கார்லினுக்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண். 'ஒரு ஸ்கெட்ச்சில்கூட நடிக்காமல் திரும்பத் திரும்ப வந்து தனியாகப் பேசிவிட்டுப் போகிறார். இது சோம்பேறித்தனம்' என்று எழுதியிருந்தார். போலி விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் 'காலாவதியானவை' என்று ஒரே வார்த்தை. மொத்தத்தில், 'வரலாற்றுக்காக ஒருமுறை பார்க்கலாம், ரசிக்க ஒன்றுமில்லை' என்பது தீர்ப்பு.

எங்கே இடித்தது

கருத்து எதுவாக இருந்தாலும் அது விமர்சகருடையது, அதில் நான் கை வைப்பதில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. அன்றைய எபிசோடில் பில்லி பிரஸ்டன், ஜானிஸ் இயான் என்று இரண்டு இசை விருந்தினர்கள், ஆளுக்கு இரண்டு பாட்டு. வரைவில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்புறம், பகுதிகளைப் பேசியிருந்த வரிசை ஒளிபரப்பின் வரிசையாக இல்லை.

எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார்: "யூடியூப்ல தனித்தனி கிளிப்பா இருந்ததைப் பார்த்தேன் சார். கிளிப் இல்லாததை வேற ஒரு இடத்துல ஓட்டிப் பார்த்துக்கிட்டேன். எல்லாமே பார்த்துட்டேன்னுதான் நினைச்சேன்."

இதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை என்பதே என் கருத்து. இந்த நிகழ்ச்சியை இன்று பெரும்பாலானவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஞாயிறு காலையில் எழுந்தால் முந்தைய இரவின் ஸ்கெட்ச்கள் துண்டு துண்டாக இணையத்தில் கிடக்கும். மாலை ஒத்திகையில் வெட்டப்பட்டவற்றில் சிலகூட பிறகு தனியாக வெளியாகும். பிடித்ததை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். பழைய எபிசோடுகளின் கதை இன்னும் சிக்கல். பாடல் உரிமைகள் காரணமாக ஸ்ட்ரீமிங்கில் பல எபிசோடுகள் வெட்டுப்பட்டுத்தான் கிடைக்கின்றன. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி என்று நினைத்துத் திறந்தால், அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

மூத்தவரிடம் வரைவைக் கொடுத்தேன். அவர் கேட்ட கேள்விதான் வேலையைத் திருப்பிப்போட்டது. "அந்த கார்லின் வந்து பேசறாரே, அவர் பின்னாடி என்ன நடக்குதுன்னு யோசிச்சியாம்மா? ஒரு செட்டைப் பிரிச்சு இன்னொண்ணைப் போடணும், நடிகருக்கு டிரெஸ் மாத்தணும். எங்க நாடகத்துல சீன் மாத்த நேரம் பத்தலேன்னா திரைக்கு முன்னாடி ரெண்டு பேரை விட்டுப் பேசவைப்போம். ஜனங்க அந்த ரெண்டு பேரைத்தான் பார்ப்பாங்க."

எடுத்த முடிவுகள்

வரைவை அப்படியே வெளியிட்டு, 'கிளிப்களின் அடிப்படையில்' என்று ஒரு குறிப்புப் போட்டுவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். ஆண்டு விழாப் பேச்சு சூடாக இருக்கும்போதே வந்துவிடும் என்பது அவர் வாதம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தலைப்பில் 'எபிசோடு' என்று போட்டுவிட்டு உள்ளே எபிசோடைப் பார்க்காமல் எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும். வெளியீட்டைத் தள்ளிவைத்தோம்.

அடுத்து, முழுப் பிரதி. முதல் சீசன் 2006இல் டிவிடி தொகுப்பாக வெளிவந்திருக்கிறது. குழுவில் ஒருவர் தன் ஊர் நூலகத்திலிருந்து அதை எடுத்துவந்தார்.

எப்படிப் பார்ப்பது என்பதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை இரவு, பதினொன்றரைக்கே, ஒரே மூச்சில், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்தோம். அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கும் நிலை வேறு. மதியம் மடிக்கணினியில் கவனமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு பார்ப்பவருக்குத் தெரிவது ஒன்று, தூக்கம் கண்ணைச் சுற்றும்போது பார்ப்பவருக்குத் தெரிவது வேறு. முதல் முறை யாரும் குறிப்பெடுக்கக் கூடாது. டிவிடியில் அந்தக் காலத்து உண்மையான விளம்பரங்கள் கிடையாது என்பதால், இடைவேளை வந்திருக்க வேண்டிய இடங்களில் நிறுத்தி இரண்டொரு நிமிடம் பேசிவிட்டுத் தொடர்ந்தோம்.

இன்னொரு முடிவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் பிறகு மிகவும் உதவியது. நிகழ்ச்சி உருவான கதையைப் பார்ப்பதற்கு முன் யாரும் படிக்கக் கூடாது என்று வைத்தோம். எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தார்கள் என்று தெரிந்துவிட்டால் மனசு இளகிவிடும், மதிப்பீடும் கூடவே இளகும்.

அந்த இரவு கவனித்தவை

தொடக்கக் காட்சி எங்களை வேறு விதமாகத் தாக்கியது. கிளிப்பாகப் பார்க்கும்போது அந்தப் புகழ்பெற்ற வரிக்காகக் காத்துக்கொண்டே பார்க்கிறோம். அன்று இரவு, இது என்ன நிகழ்ச்சி என்றே தெரியாத ஒருவராக நினைத்துக்கொண்டு பார்த்தோம். அறிமுகம் இல்லை, இசை இல்லை. நாற்காலிகள், இரண்டு பேர், அர்த்தமில்லாத வாக்கியங்கள், இரண்டு பேரும் தரையில். சேனல் மாறிவந்த ஆள் குழம்பித்தான் போயிருப்பார். அந்த வரிக்கு அன்று எந்தப் புகழும் இல்லை. மேடை நிர்வாகி போல இருந்த ஒருவர் திடீரென்று கேமராவைப் பார்த்துச் சிரித்துச் சொன்ன ஒரு வாக்கியம், அவ்வளவுதான். விமர்சகர் தன் முழு மதிப்பெண்ணை மாற்றவில்லை. ஆனால் எதற்காகக் கொடுத்தார் என்பது மாறிவிட்டது. பார்வையாளரைக் குழப்பத்தில் விட்டுவிட்டு ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கும் துணிச்சலுக்காக என்று இப்போது எழுதினார்.

உடனே வந்த பெயர்ப் பட்டியலில் அறிவிப்பாளர் டான் பார்டோ தடுமாறினார். 'நாட் ரெடி ஃபார் பிரைம் டைம் பிளேயர்ஸ்' என்பது நடிகர் குழுவின் பெயர். அவர் 'நாட் ஃபார் ரெடி' என்று மாற்றிச் சொல்லிவிட்டார். கிளிப்களில் இந்த இடமே இல்லை. நேரலை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மூத்தவர் நெகிழ்ந்துபோனார். மேடையில் நாக்குப் பிறழ்ந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு நீளமான நொடி என்று தெரியும் என்றார்.

கார்லின் விஷயம் முழுக்கத் திரும்பிவிட்டது. பேஸ்பாலையும் அமெரிக்கக் கால்பந்தையும் ஒப்பிட்டு அவர் செய்த பேச்சோடு தொடங்கி, இரவு முழுக்க அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறார். தனியாகப் பார்த்தபோது 'மறுபடியும் இவரா' என்று தோன்றிய இடங்கள், வரிசையில் பார்க்கும்போது மூச்சு வாங்கும் இடங்களாக இருந்தன. எழுபது எண்பது வாட்டில் எரிந்துகொண்டிருந்த அறையில் யாரோ விளக்கைச் சற்றுக் குறைத்ததுபோல் இருந்தது. முன்னே பின்னே தெரியாத நடிகர் குழு, பொம்மலாட்டம், குறும்படம், பாட்டு என்று எது எப்போது வரும் என்று தெரியாத இரவில், பழகிய ஒரே முகம் அவருடையது. கூட்டத்தைக் கையில் வைத்திருந்தவரும் அவர்தான்.

காஃப்மனுக்கும் அதே கதை. கிளிப்பில் அது ஒரு நல்ல வேடிக்கை, இரண்டரை மூன்று நிமிடம். வரிசையில் அது, ஆட்கள் நிறைந்து பேச்சு நிறைந்த பகுதிகளுக்கு நடுவே வருகிறது. ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் நிற்கிறார். ஸ்டுடியோவில் முதலில் நிச்சயமில்லாத ஒரு சிரிப்பு, அப்புறம் அடுத்த வரிக்காகக் காத்திருக்கும் அமைதி, அப்புறம் பெரிய சிரிப்பு. பதிவுசெய்து ஒட்டிய சிரிப்பொலிக்குப் பழகிய காதுக்கு, உண்மையான கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவர் பக்கம் சாய்வதைக் கேட்பது பெரிய அனுபவம். எங்கள் அறையிலும் அதுதான் நடந்தது.

ஜானிஸ் இயானின் பாட்டை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அழகில்லை என்று ஒதுக்கப்பட்ட ஒரு பதின்வயதுப் பெண்ணின் தனிமையைப் பற்றிய, அந்த வருடம் அமெரிக்கா முழுக்கக் கேட்ட பாட்டு. நகைச்சுவை நிகழ்ச்சியின் நடுவே அப்படி ஒன்றை வைத்ததால் இரவின் நிறமே மாறுகிறது. நகைச்சுவை நிகழ்ச்சிக்கு மதிப்புரை எழுதும்போது பாட்டைத் தவிர்ப்பது இயல்பாகத் தோன்றும். இந்த எபிசோடில் அதைத் தவிர்த்தால் பாதி மதிப்புரைதான்.

போலி விளம்பரங்களில்தான் நாங்கள் அதிகம் கற்றோம். முதல் வரைவில் 'காலாவதியானவை' என்று ஒதுக்கப்பட்டவற்றில் மூன்று பிளேடு கொண்ட சவரக்கத்தி விளம்பரமும் ஒன்று. 1971இல் ஜில்லெட் இரண்டு பிளேடு கத்தியை அறிமுகப்படுத்தியிருந்தது. அப்படியானால் மூன்று ஏன் கூடாது என்று கேலி செய்கிறது இந்தப் பகுதி. நீங்கள் எதைச் சொன்னாலும் நம்புவீர்களே என்று முடிக்கிறது. 1998இல் உண்மையிலேயே மூன்று பிளேடு கத்தி கடைக்கு வந்துவிட்டது. அதனால் இன்று அதைப் பார்ப்பவருக்குக் கேலி தெரியாமல் போகலாம். இன்னொன்றும் உண்டு. அன்று இது உண்மையான விளம்பரங்களுக்கு நடுவே வந்தது. அதே வெளிச்சம், அதே குரல், அதே நம்பிக்கையான சிரிப்பு. சில நொடிகளாவது வீட்டில் இருந்தவர்கள் அதை நிஜ விளம்பரம் என்றே நினைத்திருப்பார்கள். டிவிடியில் அந்தச் சூழல் இல்லை, கிளிப்பில் தலைப்பிலேயே அது கேலி என்று எழுதியிருக்கிறது. நாங்கள் இடைவேளை விட்டுப் பார்த்ததால் அந்த ஏமாற்றத்தில் ஒரு துளியாவது எங்களுக்கு வந்தது.

எல்லாமே உயர்ந்துவிடவில்லை. நடிகர்கள் தேனீ உடையில் வரும் மருத்துவமனைக் காட்சி வரிசையிலும் பலவீனம்தான், தனியாகவும் பலவீனம்தான். பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் பொம்மைகள் வரும் பகுதி வேறு ஏதோ நிகழ்ச்சியிலிருந்து வழிதவறி வந்ததுபோல் இருந்தது.

நீதிமன்றக் காட்சி பற்றிய வாக்குவாதம்

பாலியல் வன்முறை வழக்கு ஒன்று நடக்கிறது. குற்றவாளி சொன்ன வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்ல முடியாத பெண், அதைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். சீட்டு ஜூரிகளிடம் கைமாறிக்கொண்டே போகிறது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஜூரியை எழுப்பிப் பக்கத்துப் பெண் அதைக் கொடுக்க, அவளே தனக்கு எழுதிய அழைப்பு என்று நினைத்து அவர் முகம் மலர்கிறது.

விமர்சகருக்கு இது முதல் வரைவிலேயே பிடிக்கவில்லை, முழு எபிசோடைப் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை. மூத்தவர் அதன் கட்டமைப்பைப் பாராட்டினார். சீட்டு நகரும் வேகம், கடைசி முகபாவம் வரை யாரும் வாய் திறக்காதது, எல்லாம் துல்லியம் என்றார். "அந்தக் காலத்துல இதையெல்லாம் யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்கம்மா" என்றும் சொன்னார்.

"தப்பா எடுத்துக்கிட்டவங்க யார்கிட்ட போய்ச் சொல்லியிருப்பாங்க சார்?" என்று விமர்சகர் கேட்டார்.

மூத்தவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதையும் எழுதும்மா" என்றார். கட்டமைப்பு நன்றாக இருக்கிறது என்பதும், சிரிப்பு யார் தலையில் ஏறி நிற்கிறது என்பதும் ஒரே பத்தியில் வந்தன. வரிசை, சூழல், காலம் எல்லாம் தெரிந்துகொண்டதால் ஒரு மறுப்பு தானாகக் கரைந்துபோக வேண்டியதில்லை. இது முக்கியம் என்று நினைக்கிறேன். முழுதாகப் பார் என்று நாங்கள் சொன்னது, கடைசியில் எல்லாவற்றையும் மன்னித்துவிடு என்பதற்காக இல்லை.

உருவான கதையைப் படித்த பிறகு

பார்த்து முடித்த பிறகுதான் பின்கதைக்குள் போனோம். இதை ஒளிபரப்பும் என்பிசி நிறுவனம் அதுவரை வார இறுதிகளில் ஜானி கார்சனின் இரவு நிகழ்ச்சியின் பழைய பதிவுகளை ஓட்டிக்கொண்டிருந்தது. கார்சன் அதை விரும்பவில்லை. அந்த நேரத்தை நிரப்ப, நிறுவனத்தின் தலைவர் ஹெர்ப் ஷ்லோசர் ஒரு புதிய நிகழ்ச்சி வேண்டும் என்றார். என்பிசி அதிகாரி டிக் எபர்சால் தேடிப்பிடித்தவர் லோர்ன் மைக்கேல்ஸ் என்ற கனடாக்காரர், முப்பது வயது. 8எச் ஸ்டுடியோ வானொலிக் காலத்தில் இசை நடத்துநர் டாஸ்கனினி நடத்திய சிம்பனி இசைக்குழுவுக்குப் பேர்போன இடம். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற பெயர்கூட அன்று இவர்களுடையதில்லை. போட்டி நிறுவனமான ஏபிசியில் ஹோவர்ட் கோசெல் நடத்திய வேறொரு நிகழ்ச்சி அந்தப் பெயரை வைத்திருந்தது. அதனால் முதல் எபிசோடு 'என்பிசியின் சாட்டர்டே நைட்' என்றே வந்தது.

கார்லின் நடிப்பதற்காக ஒரு ஸ்கெட்ச் எழுதப்பட்டு, கைவிடப்பட்டிருக்கிறது. அப்போது இளைஞராக இருந்த நகைச்சுவைக் கலைஞர் பில்லி கிரிஸ்டல் அன்று இரவு வருவதாக இருந்து, நேரம் பற்றாததால் கடைசியில் நீக்கப்பட்டார். ஏறக்குறைய பத்து வருடம் கழித்து அதே நிகழ்ச்சியின் நடிகர் குழுவில் சேர்ந்தார். நாங்கள் தயாராகிவிட்டதால் மேடையேறுவதில்லை, மணி பதினொன்றரை ஆகிவிட்டதால் ஏறுகிறோம் என்று மைக்கேல்ஸ் பிற்காலத்தில் சொல்லிவந்ததும் அந்த முதல் இரவுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இதெல்லாம் தெரிந்ததும் 'சோம்பேறித்தனம்' என்ற சொல்லை விமர்சகர் தானே நீக்கினார். ஆனால் தேனீக் காட்சியின் பலவீனத்தை நீக்கவில்லை. அவசரத்தில் செய்தார்கள் என்பது காரணம்தான், வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். திரையில் தெரிவதை முதலில் சொல்வது, ஏன் அப்படி வந்தது என்பதைத் தனிப் பத்தியாகப் பின்னால் சொல்வது, இரண்டையும் கலப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வரைவில் இருந்த இன்னொரு கருத்து கடைசி வரை அசையவில்லை. நடிகர் குழுவுக்கு, குறிப்பாக கில்டா ராட்னர், ஜேன் கர்ட்டின், லரேன் நியூமன் மூவருக்கும், கேரட் மாரிஸுக்கும் கிடைத்த இடம் மிகக் குறைவு. தொகுப்பாளர், இரண்டு பாடகர்கள், விருந்தினர்கள், ஆல்பர்ட் புரூக்ஸின் குறும்படம் எல்லாம் போக மிஞ்சியதுதான் அவர்களுக்கு. பிற்காலத்தில் அவர்கள் எவ்வளவு பேர் வாங்கினார்கள் என்று தெரிந்த நமக்கு அது இன்னும் கண்ணில் படும். இதை முதலில் கண்டுபிடித்தவர் கிளிப்களை மட்டும் பார்த்த விமர்சகர் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

வெளிவந்த பிறகு

நட்சத்திரங்களை எடுத்துவிட்டோம். பகுதி பகுதியாக மதிப்பெண் போட்டுக் கூட்டினால், கார்லின் போன்ற ஒருவருக்கு என்றும் குறைவாகத்தான் வரும். இரவைத் தாங்கிய வேலைக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது.

மதிப்புரை, ஆண்டு விழாப் பேச்சு ஓய்ந்த பிறகே வெளிவந்தது. முதல் நாளில் வாசகர்கள் குறைவு. அப்புறம் மெதுவாகக் கடிதங்கள் வந்தன. நட்சத்திரம் ஏன் இல்லை என்று சிலர் கேட்டார்கள். பாட்டைப் பற்றி இவ்வளவு தேவையா என்று ஒருவர். எங்களுக்கு உபயோகமானது இன்னொருவரின் கடிதம். நீங்கள் சொல்கிற இடத்தில் நான் பார்த்த பிரதியில் பாட்டே இல்லையே, நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தார். எந்தப் பிரதியை வைத்து எழுதினோம் என்பதைக் கட்டுரையின் தலையிலேயே சேர்த்தோம். முழுதாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் கட்டுரை அந்தத் தகவலோடுதான் வந்திருக்க வேண்டும்.

அடுத்த முறைக்கு

இந்த மாதிரி நிகழ்ச்சியின் முதல் எபிசோடைத் தனியாக எடுத்து மதிப்பிடுவதை இனிச் செய்வதாக இல்லை. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 18 அன்று வந்த இரண்டாவது எபிசோடு, பாடகர் பால் சைமன் தொகுத்தது, பெரும்பாலும் இசை நிகழ்ச்சியாகவே இருக்கிறது. நவம்பர் 8 அன்று நடிகை கேண்டிஸ் பெர்கன் தொகுப்பாளராக வந்த நான்காவது எபிசோடில்தான் தொகுப்பாளரும் நடிகர் குழுவும் சேர்ந்து ஸ்கெட்ச் நடிக்கும், இன்று நமக்குத் தெரிந்த வடிவம் கைகூடுகிறது. முதல் நான்கையும் சேர்த்துப் பார்த்திருந்தால், கார்லின் ஏன் தனியாக நின்றார் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்திருக்கும்: அப்போது யாருக்கும் இந்த நிகழ்ச்சியின் வடிவம் தெரியாது.

இப்போது ஓடும் எபிசோடு ஒன்றை எழுதுவதானால், சனிக்கிழமை இரவு நேரலையைப் பார்த்து, ஞாயிறு காலை கிளிப்கள் ஏறுவதற்கு முன்பே முதல் குறிப்புகளை எழுதிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஒத்திகையில் வெட்டப்பட்டுப் பின்னர் இணையத்தில் வரும் ஸ்கெட்ச்களை அந்த எபிசோடின் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்று இரவு பார்த்தவர் அவற்றைப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை பார்க்கும்போது மட்டும் கடிகாரத்தை வைத்து எது எத்தனை நிமிடம், எதற்குப் பின் எது என்று வரிசையைக் குறித்துக்கொள்கிறோம். மூத்தவர் இன்னொரு பத்தியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: ஒவ்வொரு பகுதி நடக்கும்போதும் அதற்குப் பின்னால் எந்த செட் மாறிக்கொண்டிருக்கும் என்று ஊகித்து எழுதுவது. அது வாசகருக்குப் போகாது, எங்கள் கோப்புக்கு மட்டும்.

நீதிமன்றக் காட்சி பற்றிய பத்தி கட்டுரையின் நடுவில் புதைந்துவிட்டது என்று விமர்சகருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. அவர் சொல்வது நியாயம்தான். அந்தப் பத்தியைத் தனிக் கட்டுரையாக விரித்து எழுதிக்கொண்டிருக்கிறார், வந்ததும் வெளியிடுவோம்.